பாதியில் நிற்கும் ஈஆர்பி ப்ராஜெக்ட்: பாதையை மாற்றும் நேரம் வந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஆர்பி (ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் சாஃப்ட்வேர்), பில்லிங், பேரோல் (சம்பளக் கணக்கு) என்று ஏதோ ஒரு சாஃப்ட்வேர் வேலையைத் தொடங்கிவிட்டு, "இது சரியாகத்தான் போகிறதா?" என்ற சந்தேகத்தோடு நாட்களைக் கடத்தும் முதலாளிகளும் மேனேஜர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சாஃப்ட்வேரைச் செய்து தரும் வெண்டர் பக்கம் இருப்பவர்களும் படிக்கலாம். உங்களுக்குச் சாதகமான பதில்களும் நடுவில் உண்டு.

எந்த ப்ராஜெக்ட்தான் சொன்ன தேதியில் முடிந்திருக்கிறது? சாதாரணத் தாமதத்தையும் கவலைப்பட வேண்டிய தாமதத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

எத்தனை வாரம் தாமதம் என்பதைவிட எதனால் தாமதம் என்று பாருங்கள். பொருட்களின் பட்டியலான பழைய ஐட்டம் மாஸ்டரைச் சுத்தம் செய்ய நினைத்ததைவிட மூன்று வாரம் கூடுதலாக ஆகிறதா? ஆகட்டும், அது வேலை, ஒருநாள் முடிந்துவிடும். அதே ஐட்டம் மாஸ்டர் மூன்றாவது முறையாகத் திரும்பி வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறொரு காரணம் சொல்கிறார்கள் என்றால் கதையே வேறு. அதாவது, ஐட்டம் கோடு எந்த அடிப்படையில் போடுவது என்று உங்கள் நிறுவனத்தில் யாருமே இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த நிலையில் ஆளைக் கூட்டினாலும் தேதியைத் தள்ளினாலும் ஒன்றும் நடக்காது.

எளிதான ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று மாதம் முந்தைய மீட்டிங் மினிட்ஸை எடுத்து, இந்த மாத மினிட்ஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரச்சினைகள் மாறியிருந்தால் ப்ராஜெக்ட் நகர்கிறது. அதே நாலு விஷயம் வேறு வேறு வார்த்தையில் எழுதப்பட்டிருந்தால் அது ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது.

வாராந்தர ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ரிப்போர்ட் எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எதை எண்ணுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் எத்தனை திரை முடிந்தது, எத்தனை மாட்யூலுக்கு (சாஃப்ட்வேரின் ஒரு பகுதி) சைன்-ஆஃப் (முடிந்தது என்ற கையெழுத்து) கிடைத்தது என்றுதான் எண்ணுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தத் திரையில் உங்கள் ஆட்களின் ஒரு நாள் வேலை முழுதாக நடக்கிறதா என்பது. அதை ரிப்போர்ட்டில் தேடினால் கிடைக்காது. ஸ்டோர்ஸுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமாகப் பார்க்கும் ஒரு காட்சி: 500 பேரிங்குக்கு பர்ச்சேஸ் ஆர்டர். லாரியில் வந்து இறங்கியது 320, மீதி அடுத்த வாரம். புது சிஸ்டத்தில் ஜிஆர்என் (சரக்கு வந்ததற்கான பதிவு) திரை, ஆர்டர் போட்ட அளவு முழுதாக வந்தால்தான் சேமிக்க விடுகிறது. ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? சரக்கை ரேக்கில் அடுக்கிவிட்டு, நீள நோட்டில் டிசி (டெலிவரி சலான்) நம்பரைப் போட்டு 320 என்று எழுதிவைப்பார். மீதி 180 வந்த பிறகு மொத்தமாக ஏற்றுவார். அந்த ஒரு வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் பேரிங் ஸ்டாக் பூஜ்யம். பர்ச்சேஸில் இருப்பவர் அதைப் பார்த்துப் பதறி இன்னொரு ஆர்டர் போடுவார். அக்கவுண்ட்ஸில் சப்ளையர் பில் வந்து கிடக்கும், ஜிஆர்என் இல்லாததால் பாஸ் ஆகாது. சப்ளையர் போனில் கத்துவார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் மட்டும் "ஸ்டோர்ஸ் மாட்யூல்: முடிந்தது". உண்மைதான், திரை முடிந்துவிட்டது!

அந்த நோட்டுதான் உங்களுக்கு வேண்டிய ரிப்போர்ட். விசாரணை போலக் கேட்டால் அது மேசை டிராயருக்குள் போய்விடும். "அண்ணா, சிஸ்டத்துல ஏத்த முடியாததை எல்லாம் எங்க குறிச்சு வைக்கிறீங்க? கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால் அவரே எடுத்துக் காட்டுவார், கூடவே பத்து விஷயம் சொல்வார். ஒரு மாட்யூல் லைவ் ஆகி இரண்டு மாதம் கழித்தும் அதன் பக்கத்தில் ஒரு நோட்டோ எக்ஸலோ உயிரோடு இருந்தால், அந்த மாட்யூல் முடியவில்லை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்களுக்குப் புதுசு எதுவுமே பிடிக்காது. குறை சொல்வதையெல்லாம் காதில் வாங்க வேண்டுமா?

வாங்குங்கள், ஆனால் சலித்து எடுங்கள். "பழசே நல்லா இருந்துச்சு" என்பது புலம்பல், பழகினால் போய்விடும். "ஒரே டிசில ரெண்டு பர்ச்சேஸ் ஆர்டர் சரக்கு வந்தா ஏத்த வழியில்ல" என்பது குறை, எத்தனை வருடம் பழகினாலும் போகாது. குறிப்பாக, முன்பு நச்சரித்துக்கொண்டே இருந்த டிபார்ட்மெண்ட் திடீரென்று அமைதியானால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நோட்டு வாங்கியிருப்பார்கள்.

சேஞ்ச் ரிக்வெஸ்ட் (சிஆர், மாற்றக் கோரிக்கை) குவிந்துகொண்டே போகிறது. இது யார் தப்பு?

இரண்டு பக்கமும் என்பதுதான் பெரும்பாலும் விடை. இதற்குப் பொதுவெளியில் அலசி ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. போலீஸ் வேலைக்கும் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஃபைல் திறப்பது, மேலதிகாரி ஒப்புதல், தேடல், பழைய சிஸ்டத்தை ஓய்வுபெற வைப்பது எல்லாம் நம் ஆபீஸ் வேலைதான்.

வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாள "விர்ச்சுவல் கேஸ் ஃபைல்" என்ற மென்பொருளை உருவாக்கும் வேலை 2001இல் எஸ்ஏஐசி நிறுவனத்திடம் போனது. முதலில் நினைத்தது பழைய சிஸ்டத்துக்கு ஒரு நல்ல முகப்பு. அந்த செப்டம்பரில் நியூயார்க், வாஷிங்டன் தாக்குதல்கள் நடந்த பிறகு தேவையே மாறிவிட்டது: பழையதைத் தூக்கிவிட்டு முற்றிலும் புதிது, அதுவும் சீக்கிரம். தேவைப் பட்டியல் 800 பக்கத்துக்கு மேல் போனது. எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் என்பது வரை அதில் எழுதியிருந்தது. ஆனால் மொத்த அமைப்பும் எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற ஒட்டுமொத்த வரைபடம் எஃப்.பி.ஐ.யிடம் இல்லை. திரையைப் பார்த்த பிறகு "இது இப்படி வேண்டாம், அப்படி" என்று மாற்றக் கோரிக்கைகள் நூற்றுக்கணக்கில் பறந்தன.

2003 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டபோது எஃப்.பி.ஐ. ஏற்க மறுத்தது. நடுவர் ஒருவர் 59 பிரச்சினைகளை எடுத்துப் பார்த்தார். அதில் 19, எஃப்.பி.ஐ. நடுவில் தேவையை மாற்றியதால் வந்தவை. 40, எஸ்ஏஐசியின் பிழைகள். 2005இல் மொத்தத்தையும் கைவிட்டார்கள். செலவு ஏறத்தாழ 17 கோடி டாலர்.

உங்கள் சிஆர் பட்டியலையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். எத்தனை சிஆர் என்ற எண்ணிக்கை பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "கேட்டது தவறு", "கட்டியது தவறு", "வெளியே ஏதோ மாறியது" என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பகுதி முதல் வகை என்றால், கோடிங்கை நிறுத்திவிட்டு உங்கள் ஆட்களை உட்காரவைத்து வேலை முறையைப் பேசி முடிக்க வேண்டும். வெண்டரை மாற்றினால் புது வெண்டரிடமும் இதே கூத்துதான் நடக்கும்.

நம் முறைக்கு ஏற்ப சாஃப்ட்வேரை வளைப்பதா, சாஃப்ட்வேருக்கு ஏற்ப நாம் வளைவதா?

போட்டியாளரிடமிருந்து உங்களை வேறுபடுத்திக் காட்டும் இடத்தில் சாஃப்ட்வேர் வளையட்டும். மற்ற இடங்களில் நீங்கள் வளையுங்கள். சொல்வது எளிது. "எங்க கம்பெனில எல்லாமே ஸ்பெஷல்" என்று சொல்லாத முதலாளி யார்?

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் சங்கிலி, எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளை அடிப்படையாக வைத்து 2011இல் ஒரு பெரிய சரக்கு மேலாண்மை ப்ராஜெக்ட்டைத் தொடங்கியது. சில்லறை வணிகத்துக்கான அந்த மென்பொருள் சரக்கு மதிப்பை விற்பனை விலையை வைத்துப் போடும் வழக்கம் கொண்டது. லிடிலோ எப்போதும் கொள்முதல் விலையில் கணக்கு வைக்கும் நிறுவனம். தன் வழக்கத்தை அது விடவில்லை, சாஃப்ட்வேரை வளைத்தது. ஒன்றை வளைத்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பத்தை வளைக்க வேண்டும். 2018இல் ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவான பிறகு ப்ராஜெக்ட் நிறுத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த வித்தியாசம் முதல் வருடமே கண்ணுக்குத் தெரியக்கூடியது. ஸ்டாக் மதிப்பு எப்படிப் போடுகிறோம் என்பது எந்த அக்கவுண்டண்டுக்கும் முதல் நாள் தெரியும். எனவே உங்கள் கஸ்டமைசேஷன் பட்டியலில் ஸ்டாக் மதிப்பு, காஸ்டிங், வரிக் கணக்கு போன்ற அடித்தள விஷயங்கள் இருந்தால், அதை மற்ற நூறு சிஆரோடு ஒன்றாகப் போட்டுவிடாமல் தனியாக எடுத்து முதலாளி மேசைக்குக் கொண்டு போங்கள். பில்லில் லோகோவை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு மூன்று மீட்டிங் போடும் நிறுவனங்கள் இதற்கு ஒரு மீட்டிங்கூடப் போடுவதில்லை.

நடுவில் சட்டம் மாறினால் என்ன செய்வது?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு "மாறினால்" என்பதே பொருந்தாது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸை (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. 2021இல் 8 கோடி விற்றுமுதலோடு ஒரு பில்லிங் ப்ராஜெக்ட்டில் கையெழுத்திட்ட நிறுவனம், "இது நமக்கில்லை" என்று ஸ்கோப்பில் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில்) சேர்க்காமல் விட்டிருக்கும். எல்லை இறங்கி வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் 2022 ஏப்ரலிலேயே ஸ்கோப்பைத் திறந்திருக்க வேண்டும்.

கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்ற தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க வழி இருக்கக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "அட்மின் லாகின்ல போய் பழைய பில்லை சைலண்டா திருத்திக்கலாம்" என்பதை ஒரு வசதியாகச் சொல்லி விற்கும் ஆளைக் கண்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5, 18, 40 என்று இடம் மாறியது நல்ல பரீட்சையாக அமைந்தது. வரி விகிதத்தைத் தேதியோடு ஒரு மாஸ்டரில் வைத்திருந்தவர்கள் ஓர் இரவில் மாற்றினார்கள். ப்ரோக்ராம் கோடுக்குள் எண்ணாகப் புதைத்து வைத்திருந்தவர்களுக்கு, அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தபோது கிரெடிட் நோட்டைப் பழைய விகிதத்தில் போடுவதே தலைவலி. உங்கள் வெண்டரிடம் இன்றே டெமோ கேட்கலாம்: "பழைய விகிதத்தில் போட்ட ஒரு பில்லுக்கு இப்போது ரிட்டர்ன் போட்டுக் காட்டுங்கள்." ஐந்து நிமிட வேலை. பத்து ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும்.

கோ-லைவ் (புது சிஸ்டத்தைத் தொடங்கும்) தேதியைத் தள்ளிவைத்துவிட்டோம். போதாதா?

தேதியைத் தள்ளியதால் கிடைத்த நாட்களில் என்ன வேறுவிதமாகச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் காட்ட முடிந்தால் போதும். முடியாவிட்டால் பிரச்சினையும் உங்களோடு சேர்ந்து அந்தப் புதுத் தேதிக்கு வந்து நிற்கும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இதற்குப் பாடப்புத்தகம். பழைய உரிமையாளரான லாய்ட்ஸின் கணினி அமைப்பிலிருந்து, அப்போது புது உரிமையாளராக இருந்த ஸ்பெயினின் சபாடெல் குழுமத்தின் அமைப்புக்கு மாற வேண்டியிருந்தது. 2017 நவம்பர் தேதி நடக்காது என்று முன்கூட்டியே உணர்ந்து தள்ளிவைத்தார்கள். அதுவரை சரி. ஆனால் ஏன் தாமதமானது என்று ஆராய்ந்து முடிக்கும் முன்பே புதுத் தேதியை நிர்ணயித்து, அதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டார்கள் என்று பிறகு நடந்த சுதந்திர ஆய்வு சொன்னது. இரண்டு டேட்டா சென்டர்கள் இருந்தும் சுமை தாங்கும் சோதனை ஒன்றில்தான் நடந்தது. 2018 ஏப்ரலில் மாறியதும் லட்சக்கணக்கானோர் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த வருட டிசம்பர் ஆனது. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு.

நம் ஊரில் புதுத் தேதி எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். "ஏப்ரல் ஒண்ணு, புது நிதியாண்டு, அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்." கணக்குக்கு வசதியான நாள்தான், ஆனால் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் வருட முடிவு வேலையில் மூச்சுத் திணறும் நாளும் அதுவே.

ஸ்கோப்பைக் குறைத்துச் சொன்ன தேதிக்குள் முடித்துவிடலாமே?

எதைக் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கனடா அரசு ஊழியர்களுக்கான ஃபீனிக்ஸ் சம்பள அமைப்பில், பட்ஜெட்டுக்குள் அடக்குவதற்காக 984 செயல்பாடுகளில் 100க்கும் மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். பின்தேதியிட்ட சம்பள உயர்வைக் கணக்கிடுவதும் அதில் ஒன்று. சோதனை ஓட்டத்தையும் ரத்து செய்தார்கள். சம்பளக் கணக்கில் பழுத்த ஊழியர்களின் பணியிடங்கள் ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தன. 2016இல் தொடங்கியதும் சம்பளம் வராதவர்கள், குறைத்து வந்தவர்கள், அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர்கள் என்று பல்லாயிரம் பேர் அல்லாடினார்கள்.

ரிப்போர்ட்டுகளையும் டேஷ்போர்டுகளையும் தாராளமாக வெட்டுங்கள். பணம் போகும் வழி, சரக்கு போகும் வழி, சோதனை ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு பணம் போட்டாயிற்று. இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண்தானே?

போட்ட பணம் தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. இனி எவ்வளவு போட்டால் என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கணக்கு.

மறுபடியும் எஃப்.பி.ஐ. முதல் முயற்சி தோற்ற பிறகு 2006இல் "சென்டினல்" என்ற பெயரில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் வேலை போனது. நான்கு கட்டங்கள். 2010 வாக்கில் 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் 40.5 கோடி செலவாகிவிட்டது, கிடைத்தது இரண்டு கட்டம். இதே பாதையில் போனால் இன்னும் 6 வருடமும் 35.1 கோடி டாலரும் ஆகலாம் என்று மைட்டர் என்ற வெளி அமைப்பு மதிப்பிட்டது. அந்த ஆண்டு வேலையை நிறுத்தி, எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கையில் எடுத்தது. சிறிய குழு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நிலையில் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு. 2012 ஜூலையில் சென்டினல் எல்லா ஊழியர்களுக்கும் திறக்கப்பட்டது.

அவர்களும் சொன்ன தேதியில் முடிக்கவில்லை. 2011 அக்டோபர் சோதனையில் பலர் ஒரே நேரத்தில் நுழைந்ததும் அமைப்பு தடுமாறியது, அதைச் சரிசெய்ய மாதங்கள் போயின. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நல்ல வகைத் தாமதம் இது. காரணம் தெரியும், தீர்க்கவும் முடியும். ஏற்கெனவே கிடைத்திருந்ததை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டுத் தொடங்கவும் இல்லை. நிறுத்துவது என்றால் எல்லாவற்றையும் எறிவது என்று நினைப்பதால்தான் பலர் நிறுத்தவே பயப்படுகிறார்கள்.

வெளியாள் ஒருவரை வைத்து ஆய்வு செய்தால் உதவுமா?

சொல்வதைக் கேட்கும் எண்ணம் இருந்தால் உதவும். அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளம் திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே, 2013 வசந்தத்தில், மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வு அபாயங்களை எழுதிக் கொடுத்தது. தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சோதனைக்குப் போதிய நேரமில்லை என்று. அக்டோபர் 1 தேதி மாறவில்லை. முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர்.

உங்கள் வெண்டருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ வேண்டியவராக இல்லாத ஆளாகப் பாருங்கள். உங்கள் ஆடிட்டர் நிதிப் பக்கத்தைச் சரியாகப் பார்ப்பார், உற்பத்திப் பக்கத்தை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வெண்டரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

மீட்டிங்குக்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். டேட்டாவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள், கஸ்டமைஸ் செய்த கோடு யாருக்குச் சொந்தம், அடுத்த தவணை எதற்காக என்ற மூன்றும் தெரியாமல் குரலை உயர்த்துவதில் லாபமில்லை. அதன் பிறகு ஸ்டோர் கீப்பரின் நோட்டை மேசையில் வையுங்கள். குற்றச்சாட்டுகளுக்கு வாதம் உண்டு, 320 பேரிங் பதிவுக்கு இல்லை. பெரும்பாலான வெண்டர்கள் உள்ளுக்குள் இதை எதிர்பார்த்துத்தான் காத்திருப்பார்கள். அவர்கள் ஆட்களும் அதே ப்ராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

அடுத்த தவணைகளை "மாட்யூல் சைன்-ஆஃப்" என்பதிலிருந்து "ஒரு வாரம் நோட்டில்லாமல் ஸ்டோர்ஸ் ஓடியது" என்பது போன்றவற்றுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் வெண்டரோடு தொடரலாம்.

பழைய சிஸ்டத்தை எப்போது நிறுத்துவது?

ஒரு மாத முடிவை இரண்டு சிஸ்டத்திலும் தனித்தனியாக முடித்து, ஸ்டாக் மதிப்பு, கடன் பாக்கி, ஜிஎஸ்டி தொகை மூன்றும் ஒத்துப்போன பிறகு. ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் எந்தப் பில்லில் என்று காட்ட முடிய வேண்டும். "ரவுண்டிங்ல வந்திருக்கும்" என்ற விளக்கத்தை ஒரு ரூபாய்க்கு மேல் ஏற்காதீர்கள். பேரலல் ரன் நடக்கும்போது இரட்டை வேலை பார்க்கும் ஆட்களுக்கு ஓவர்டைமோ கூடுதல் கையோ கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே ஒன்றைப் பார்த்து மற்றதில் நகலெடுத்துவிடுவார்கள், எல்லாம் அழகாக ஒத்துப்போகும். பழைய டேட்டாவைப் படிக்க மட்டும் ஒரு கம்ப்யூட்டரில் வைத்திருங்கள். ஜிஎஸ்டி நோட்டீஸ் எந்த வருடத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?